காலடியில் நாடாளுமன்றம்

[காட்சி: தூரத்தில் ஒரு புல்வெளிக் குன்று. உச்சியில் நான்கு எஃகுக் கால்களில் நிற்கும் கொடிக்கம்பம்.]

இந்தக் குன்றுக்குள்தான் ஆஸ்திரேலியாவின் நாடாளுமன்றம் இருக்கிறது. கான்பராவில் தூரத்திலிருந்து பார்த்தால், கட்டடத்தைவிட 81 மீட்டர் உயரக் கொடிக்கம்பமும் பச்சைச் சரிவும்தான் முதலில் கண்ணில் படும்.

வடிவமைப்புப் போட்டிக்கு 329 வரைபடங்கள் வந்தன. 1980-இல் வென்றது, இத்தாலியில் பிறந்த ரொமால்டோ ஜியுர்கோலாவின் குழு. குன்றின் தலையில் கட்டடத்தைத் தூக்கி வைத்தால், அரசாங்கம் மக்களுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது போலாகிவிடும் என்று அவர் நினைத்தார். அதனால் குன்றைக் குடைந்து உள்ளே கட்டினார்கள். சுமார் பத்து லட்சம் கன மீட்டர் பாறையை வெட்டி எடுத்து, கட்டி முடித்து, மேலே மறுபடியும் புல் போர்த்தினார்கள். 1988 மே 9 அன்று திறப்பு விழா.

[காட்சி: முன்முற்றம். தரையில் கல் ஓவியம், சுற்றிலும் தண்ணீர்.]

வாசலுக்குப் போகும் வழியில் கொஞ்சம் நில்லுங்கள். கையால் வெட்டிய ஏறத்தாழ 90,000 கருங்கல் துண்டுகள் பதித்த ஓவியம் இது. மூலச் சித்திரம் வரைந்தவர் பழங்குடி ஓவியர் மைக்கேல் நெல்சன் ஜகமாரா. சுற்றியுள்ள செம்மண் நிறம், இந்தக் கண்டத்தின் வறண்ட நடுப்பகுதியின் நிறம்.

[காட்சி: பளிங்குக் கூடம்.]

உள்ளே 48 தூண்கள், சாம்பல் கலந்த பச்சையும் வெளிர் சிவப்புமாக. யூகலிப்டஸ் காட்டுக்குள் நடப்பது போல இருக்கட்டும் என்பது நோக்கம். நம் நீலகிரியில் தைலம் காய்ச்சும் மரத்துக்கு இதுதான் தாய்நாடு.

சரி, அவைகளுக்குப் போவோம். லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மக்களவையின் நிறம் பச்சை, மேலவையின் நிறம் சிவப்பு. அந்த வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. ஆனால் பச்சை, யூகலிப்டஸ் இலையின் மங்கிய பச்சையாகிவிட்டது. சிவப்பு, காவி மண்ணின் சிவப்பு. இரவல் வாங்கிய மரபை இப்படித் தங்கள் மண்ணில் தோய்த்து எடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

[காட்சி: சரிவில் இரும்பு வேலி.]

முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் இந்தச் சரிவில் நடந்தே கூரைக்கு ஏறலாம். குழந்தைகள் மேலிருந்து உருண்டு விளையாடுவார்கள். பாதுகாப்புக்காக வேலி போடும் திட்டம் வந்ததும், 2016 டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் சரிவில் உருண்டே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெரியவர்களும்தான்! ஆனாலும் அடுத்த ஆண்டே வேலி வேலை தொடங்கிவிட்டது. பாதுகாப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தின் உயிரே அந்தச் சரிவில்தான் இருந்தது.

கூரைக்குப் போக இன்னும் வழி உண்டு. அனுமதி இலவசம். பாதுகாப்புச் சோதனை முடித்து, உள்ளே இருக்கும் லிஃப்டில் ஏறுங்கள்.

[காட்சி: கூரைப் புல்வெளி, மாலை வெயில்.]

வடக்கே பாருங்கள். பழைய நாடாளுமன்றம், அதற்கு அப்பால் பர்லி கிரிஃபின் ஏரி, போர் நினைவகம், அதன் பின்னால் எய்ன்ஸ்லி மலை, எல்லாம் ஒரே நேர்கோட்டில். உங்கள் காலுக்குக் கீழே, புல்லுக்கும் மண்ணுக்கும் அடியில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் சட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.