வாடகைக்கு விட்ட வீடும் அலுமாரிக்குப் பின்னால இருந்த சுவரும்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டுல ஹட்டன்ல இருந்து பேசுறேன். பின்னால சத்தம் கேட்டுச்சுன்னா அது மழைதான், தகரத்துல விழுது, கொஞ்சம் பொறுத்துக்குங்க. நம்ம மேல் வீட்டுல இருந்தவங்க இன்னைக்கு காலையில காலி பண்ணிட்டு போனாங்க. நாளைக்கு பின்னேரம் புது குடும்பம் வருது. இந்த ஒரு நாள் இடைவெளியில நான் என்னென்ன பார்ப்பேன்னு உங்களுக்கு காட்டலாம்னு கேமராவ எடுத்துட்டு வந்துட்டேன்.

இந்த வீடு அப்பாவோட ஈ.பி.எஃப். காசுல கட்டினது. தோட்டத்துல 34 வருஷம் வேலை செஞ்ச காசு. வர்ற வாடகையிலதான் அம்மாவுக்கு மருந்து. அதனால இங்க ஒரு டைல் வெடிச்சாலும் எனக்கு மனசு தாங்காது. என்னை மாதிரி ஒரே ஒரு வீட்ட வாடகைக்கு விட்டு காலம் தள்ளுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் பேசுறேன்.

முதல்ல குசினிக்கு வாங்க. இந்த சிங்க் இருக்கு பாருங்க, இதுக்கு கீழ இப்ப கதவே இல்ல, திறந்தே வச்சிருக்கேன். முன்னாடி இங்க ஒரு பலகை கபேட் இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் இருந்தாங்க, தங்கமான ஆளுங்க. அவங்க போன பிறகு கபேட்ட திறந்தா, அடிப் பலகை டீயில ஊறின பிஸ்கட் மாதிரி உப்பிப் போய் கிடக்கு. பைப்ல ஒரு பழைய துணிய இறுக்கமா சுத்தி, மேல ரப்பர் பேண்ட் போட்டிருக்காங்க. சொட்டு சொட்டா ஒழுகின தண்ணி டைலுக்கு அடியில போய், கீழ என் வீட்டு சீலிங்லயும் இறங்கிருச்சு. எல்லாம் சரி பண்ண 64,000 ரூபா முடிஞ்சுச்சு. பைப்ல கழன்டிருந்தது ஒரே ஒரு நட்.

போன் பண்ணி கேட்டேன். அந்த டீச்சர் அழுதுட்டாங்க. "ரெண்டு மாசத்துக்கு முன்னுக்கே கண்டோம் அக்கா. சொன்னா அட்வான்ஸ்ல வெட்டிருவீங்கன்னு பயந்துட்டோம்"னு சொன்னாங்க. அவங்க பயந்ததுல தப்பே இல்லங்க. சாவி குடுத்த அன்னைக்கு நான்தான் வாசல்ல நின்னு, "எது உடைஞ்சாலும் அட்வான்ஸ்ல கழிப்பேன்"னு கறாரா சொன்னேன்.

அன்னையில இருந்து மாத்திட்டேன். இப்ப நான் சொல்றது இதுதான்: ஒழுகுது, ஷொக் அடிக்குது, கொமட் அடைக்குதுன்னா அன்னைக்கே எனக்கு போன் பண்ணுங்க, உடனே சொன்னா செலவு என்னோடது. தெரிஞ்சே மறைச்சு பெருசானா அது உங்களோடது. இத வாயால சொல்றதோட விடாம ஒப்பந்தத்துலயும் எழுதிட்டேன். பிறகு வந்த குடும்பம் ரெண்டு தடவை போன் பண்ணுனாங்க. ரெண்டுமே சில நூறு ரூபாயோட முடிஞ்ச வேலை.

சரி, இப்ப ரூமுக்கு வாரேன். இதுதான் முக்கியமான இடம். கேமராவ கிட்ட கொண்டு போறேன், சுவர பாருங்க. அலுமாரி நின்ன இடத்துல மட்டும் கறுப்பா, அலுமாரியோட உயரத்துக்கே ஒரு நிழல் மாதிரி தெரியுதா? பூஞ்சணம். கைய வச்சா ஜில்லுன்னு இருக்கு.

இத பார்த்ததும் நிறைய பேர், "வீட்ட நாசம் பண்ணிட்டாங்க"ன்னு சத்தம் போடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல இருக்கு. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்து மலையிலதான் வந்து மோதுது. வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா எல்லாம் அப்படித்தான். வெளிய குளிர், உள்ள சமைக்கிற ஆவி, காயப்போட்ட துணியோட ஈரம். குளிர்ந்த சுவர்ல பட்டா ஆவி தண்ணியாயிரும். அலுமாரிக்குப் பின்னால காத்து போகாது, அங்க பூஞ்சணம் பிடிச்சுக்கும். இதுல யார் தப்புன்னு அட்வான்ஸ கையில வச்சுக்கிட்டு சண்டை போடுறது நியாயமே இல்ல.

ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. சுவர துடைச்சு காயவிட்டு, ஒரு துண்டு பொலித்தீன நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு மூணு நாள் விடுங்க. பொலித்தீனுக்கு மேல, ரூம் பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா அது உள்ள இருக்கிற ஆவி. பின்னால, சுவர் பக்கம் நனைஞ்சிருந்தா வெளிய இருந்தோ கீழ இருந்தோ தண்ணி ஏறுது. அதுக்கு குடியிருக்கிறவங்க ஒண்ணுமே செய்ய முடியாது. கூரைப் பீலியையும் தண்ணி ஓடுற கானையும் நாமதான் பார்க்கணும்.

நான் செஞ்சது என்னன்னா, பின் இஸ்தோப்புல, அதான் வராந்தாவுல, வெளிச்சம் வர்ற கண்ணாடித் தகரம் நாலு போட்டு, கொடி கட்டிக் குடுத்தேன். மழை நாள்ல துணி காயப்போட இடம் இல்லாட்டி அவங்க ரூமுக்குள்ளதான் போடுவாங்க, வேற எங்க போடுவாங்க? அலுமாரிய சுவர்ல ஒட்டாம நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்றேன். இந்த சுவர்ல ஒட்டி வச்சது எனக்கும் தெரியும், ஆனா நான் வந்து பார்க்கல.

குசினி சீலிங்ல கரி இருக்கு பாருங்க. இது 2022-ல கேஸ் இல்லாத காலத்துல விறகு அடுப்பு மூட்டினது. அந்த நேரம் நானும் கீழ விறகுதான் எரிச்சேன். அதுக்கு யார்கிட்டயும் காசு கேக்கல.

ஆனா கதவுல ஓட்டை, உடைஞ்ச பேசின், கேக்காம சுவர்ல துளை போட்டு டீ.வி. மாட்டினது, இதெல்லாம் கண்டிப்பா அவங்க செலவு. அதுக்கு நம்ம கையில சாட்சி வேணும். சாவி குடுக்கிற அன்னைக்கு அவங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ரூமா வீடியோ எடுங்க. எல்லா பைப்பையும் திறந்து மூடுங்க, எல்லா சுவிட்சையும் போடுங்க, கரண்ட் மீட்டர், தண்ணி மீட்டர் நம்பர வாய்விட்டு வாசிங்க. அந்த வீடியோவ அன்னைக்கே அவங்களுக்கும் வட்ஸ்அப்ல அனுப்பிருங்க. ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா பிறகு பேச்சு மாறாது. கரண்ட் பில் உங்க பேர்ல இருந்தா மாசா மாசம் கட்டின ரசீத கேளுங்க. பாக்கி நின்னா வெட்டப்போறது உங்க வீட்டு லைன்.

ஒப்பந்தத்த பத்தி ஒண்ணு சொல்லணும். புத்தகக் கடையில போர்ம் வாங்கி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா போதும்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க கட்டளைச் சட்டத்துப்படி, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதுற நொத்தாரிஸ் முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதப்படணும். குத்தகை முடிஞ்ச வீட்ட சீக்கிரமா திருப்பி எடுக்க 2023-ல ஒரு சட்டம் வந்திருக்கு, அதுக்கும் எழுதின ஒப்பந்தம் வேணும். நொத்தாரிஸ் செலவ மிச்சம் பிடிக்காதீங்க. கோபத்துல பூட்ட மாத்துறது, கரண்ட நிப்பாட்டுறது வேண்டவே வேண்டாம், நாமதான் கோர்ட்டுல நிக்க வேண்டி வரும்.

இன்சூரன்ஸ் எடுக்கிறவங்க, வீடு வாடகைக்கு விட்டிருக்குன்னு முதல்லயே எழுதிக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊறின ஈரத்துக்கு பொதுவா காசு வராது.

அட்வான்ஸ் நான் மூணு மாச வாடகைதான் வாங்குறேன். அத செலவழிக்காம தனி பேங்க் புத்தகத்துல போட்டு வைக்கிறேன். அது அவங்க காசு. இன்னைக்கு போனவங்களுக்கு அலுமாரிச் சுவருக்கு ஒரு சதமும் கழிக்கல, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் கடை பில்ல காட்டி 1,800 கழிச்சேன். சரின்னு வாங்கிட்டு போனாங்க.

கீழ பெயிண்ட் அடிக்கிற பாஸ் வந்துட்டாரு போல, கூப்பிடுறாரு. இந்த சுவர முதல்ல சுரண்டி காயவைக்கணும், இந்த மழையில அது நாளைக்குள்ள நடக்காது. புது குடும்பத்துக்கு போன் பண்ணி, அந்த ரூம்ல மட்டும் ஒரு வாரத்துக்கு சாமான் வைக்க வேணாம்னு இப்பவே சொல்லிடுறேன்.