வண்டும் முட்டையும்: கை அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் தோத்திரம். வரவேற்பை நீட்டினால் அதிலேயே நாலு நிமிஷம் போய்விடும், நேராக வருகிறேன்.

பட்டிமன்றத் தலைப்பு: "சபையில் உக்கிராணத்துவம் தழைப்பது பையாலா, கையாலா?" பை என்றால் காசு, கை என்றால் உழைப்பு. நாங்கள் கை. உக்கிராணம் புரிய அகராதி வேண்டாம், கல்யாண வீட்டுக்குப் போங்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். அரிசி அவருடையதில்லை, பருப்பு அவருடையதில்லை. ஒரு தேங்காய் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்தான். கிறிஸ்தவன் ஆயுசு முழுக்க அந்த வாசலில் நிற்கிறவன். தத்துவம் முடிந்தது.

எதிரணித் தலைவர் என்ன சொல்லிவிட்டுப் போனார்? "கைப்பிடி அரிசி காணிக்கையல்ல, வண்டு வளர்ப்புத் திட்டம்!" எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஐயா, வண்டு ஏன் வருகிறது? உலை வைக்கும்போது, அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட வேண்டும். ஈரக் கையால் போட்டால் கட்டி பிடித்து வாடை வரும். போன மாத அரிசி அடியில் கிடக்க, புதுசை மேலே கொட்டினால் வண்டு குடும்பத்தோடு குடியேறும். மாதம் ஒருமுறை டப்பாவைக் காலி செய்து, வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோ மிளகாய் வற்றலோ போடுங்கள், குறையும். வாங்கப் போகிற பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் புழுங்கலுக்கு ஒரு சாக்கு, பச்சரிசிக்கு ஒரு சாக்கு, இட்லி அரிசிக்கு ஒரு சாக்கு என்று கொண்டுபோக வேண்டும். ஒன்றாகக் கொட்டினால் அசனத்தன்று, அதான் கோயில் விருந்தன்று, பாதி குழைந்துவிடும், பாதி வேகாமல் பல்லில் கடிபடும். அப்போது திட்டு வாங்குவது சமையல்காரர்!

ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ. 100 வீட்டுக்கு 300 கிலோ. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து இப்படித்தான் பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். இன்று அது ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. அது என்ன வண்டா ஐயா?

நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது நம் திருநெல்வேலி. "பார்த்தீர்களா, பணம்!" என்று எதிரணி துள்ளும். மூன்றில் ஒன்றுதானே பணம்! ஆளும் நிர்வாகமும் எங்கள் கட்சி.

சரி, உங்கள் பை லட்சணத்துக்கு வருவோம். ஓர் ஊரில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த பொருளையெல்லாம் ஏலம் விடுகிறார்கள். ஒரு முட்டை. ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. 10 ரூபாயில் ஆரம்பித்து, கடைக்காரர் 200-க்கு எடுத்தார். "கோயிலுக்கே கொடுக்கிறேன்" என்றார். மறுபடி ஏலம். மும்பையிலிருந்து வந்தவர் 500! அவரும் திருப்பிக் கொடுத்தார். மச்சினர் விடுவாரா? 1,000! முட்டை மட்டும் தட்டை விட்டு அசையவே இல்லை. மூன்று பேரும் சொன்ன ஒரே வார்த்தை: "எழுதிக்கோங்க." கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை எழுதினார். கடைசியில் அவரே அந்த முட்டையை எடுத்துப்போய் அடைவைத்தார். முட்டை குஞ்சாச்சு, குஞ்சு கோழியாச்சு, கோழி அடுத்த வருஷ ஏலத்துக்கே வந்துவிட்டது. போன வருஷப் பாக்கி 1,700 வந்ததா? கோழி வந்தது ஐயா, காசு வரலை!

காசை எண்ணி வாங்கின பிறகு பொருளைக் கொடு, நகலோடு ரசீது போடு, இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடு, மறுநாளே வங்கியில் கட்டு. எண்ணுவதும் கை, எழுதுவதும் கை!

இன்னும் ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் கஞ்சி வரும். கொண்டுவருகிற அக்கா, தூக்குச்சட்டியோடு முந்தானையில் ஒரு பிடி அரிசியும் முடிந்துகொண்டு வருவாள். கஞ்சியை வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் அடுக்களைக்குள் போய் அவர்கள் டப்பாவில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். மாதக் கடைசியில் சங்கத்து அக்காமார் சாக்கோடு வாசலில் நிற்பார்கள். அந்த வீட்டம்மா, "இந்த மாசம் ஒண்ணும் போடலையே தாயி" என்று அழுதுகொண்டே டப்பாவைத் தூக்குவாள்.

டப்பா கனக்கும் ஐயா.

மணியை அடித்துக்கொள்ளுங்கள்.