1950களின் கவுன் ஏன் உப்பி நிற்கவில்லை? ஒரு மாணவியின் சந்தேகம்

அடுத்த கேள்வி, ஃபேஷன் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கையிடமிருந்து வந்திருக்கிறது. "செமஸ்டர் புராஜெக்டுக்காக 1950கள் பாணியில் ஒரு கவுன் தைக்கிறேன். பழைய படங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். புள்ளி போட்ட காட்டன் துணி. ஆனால் போட்டுப் பார்த்தால் சாதாரண அம்பர்லா ஃபிராக் மாதிரி தொங்குகிறது. இன்னும் ஹெம் (அடி ஓரம்) மடிக்கவில்லை. எங்கே தப்பு?" புகைப்படமும் அனுப்பியிருக்கிறார்.

படத்தைப் பார்த்தேன். தையல் சுத்தமாக இருக்கிறது. துணிக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, அதுதான் குறை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் காரணம் புரியும். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் ஃபேஷன் டிசைனர் கிறிஸ்டியான் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். 'நியூ லுக்' என்ற பெயர் அதற்கு அப்போதுதான் வந்தது. போர்க் காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்கு ரேஷன் இருந்தது. அந்தச் சமயத்தில் மீட்டர் மீட்டராகத் துணியை விழுங்கும் பாவாடை, ஒடுங்கிய இடுப்பு. பலர் மயங்கினார்கள், பலர் கோபப்பட்டார்கள். அதில் மிகவும் பேசப்பட்ட 'பார்' ஜாக்கெட்டின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி உள்ளே பேடிங் வைத்துத்தான் அப்படி வளைந்து நிற்கிறது. பத்து வருடம் உலகம் முழுக்க ஓடிய பாணி இது. வெளியே தெரியும் துணியை மட்டும் பார்த்து வரைந்தால் பாதிதான் கிடைக்கும்.

முதலில் இடுப்பு. உங்கள் கவுனின் இடுப்புத் தையல் 2 அங்குலமாவது கீழே இறங்கியிருக்கிறது. நாம் பாவாடை கட்டும் இடத்தை இடுப்பு என்று பழகிவிட்டோம். ஒரு எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டி, இரண்டு பக்கமும் சாய்ந்து பாருங்கள். அது எங்கே போய் உட்காருகிறதோ அதுதான் அந்தக் காலத்து இடுப்பு. மேல் பாகத்தைப் பிரித்து அந்த இடத்துக்கு ஏற்றுங்கள். அங்கே சுற்றளவு குறையும். 2 அங்குலம் அதிகமிருந்தால் பாவாடையின் இரண்டு பக்கத் தையலிலும், ஒவ்வொரு துண்டிலும் அரை அங்குலம் பிடித்தால் போதும்.

பிறகு, அந்தத் தையலுக்கு உள்ளே உங்கள் இடுப்பளவுக்குச் சரியாக ஒரு கிராஸ்கிரெய்ன் ரிப்பன் (குறுக்கே வரிவரியாக இருக்கும், இழுபடாத கெட்டி நாடா) வைத்து, முனையில் கொக்கி தையுங்கள். முதலில் கொக்கியை மாட்டிவிட்டு அப்புறம் ஜிப்பைப் போட வேண்டும். முழு வட்டப் பாவாடை லேசானது அல்ல. இடுப்பு 28 அங்குலம், நீளம் 27 அங்குலம் என்றால் அடிச்சுற்று மட்டும் கிட்டத்தட்ட 5 மீட்டர் வரும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு அரை வட்டம் வெட்டவே மூன்றரை மீட்டர் போய்விடும். அத்தனை எடையையும் மேல் பாகம் தாங்கினால் மார்புப் பகுதி கீழே இழுபடும். ரிப்பன் தாங்கினால் இழுபடாது.

இப்போது முக்கியமானது, கேன் கேன். லெஹங்காவுக்கு வைக்கும் அதே விறைப்பான நெட்தான். ஆனால் நெட்டை இடுப்பிலேயே சுருக்கித் தைத்துவிடாதீர்கள். இவ்வளவு சிரமப்பட்டு ஒடுக்கிய இடுப்பு அங்கேயே தடித்துவிடும். இடுப்பிலிருந்து 7 அங்குலம் வரை சுருக்கம் இல்லாத காட்டன் யோக், அதாவது உடலோடு ஒட்டி நிற்கும் பட்டை வைத்து, அதற்குக் கீழே நெட்டை அடுக்கடுக்காகச் சுருக்குங்கள். ஒவ்வொரு அடுக்கின் சுற்றும், சுருக்குவதற்கு முன், மேல் அடுக்கைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஓரத்துக்குக் காட்டன் பைப்பிங் கொடுங்கள், நெட் காலைக் கீறும். கவுனை விட ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால் வெளியே தெரியாது. இதைத் தனிப் பெட்டிகோட்டாகத் தைப்பதுதான் என் விருப்பம், துவைக்கவும் எளிது.

ஜிப்பை இடது பக்கத் தையலில் வைத்தால் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். பழைய பேட்டர்ன் (துணி வெட்ட உதவும் காகித மாதிரி) வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: 1950களின் தொடக்கத்து அமெரிக்க பேட்டர்னில் 14ஆம் சைஸ் என்றால் மார்பளவு 32 அங்குலம்தான். நம்பரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்காமல் நல்ல துணியில் கத்திரி வைக்க வேண்டாம்.

ஹெம் மடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. படிக்கும் காலத்தில் நான் வட்டப் பாவாடையைத் தைத்த அன்றே ஹெம்மும் மடித்தேன். மதிப்பெண் போடும் நாளில் நான்கு இடத்தில் துணி இறங்கி அலை அலையாக நின்றது. வட்டத்தில் நான்கு இடம் குறுக்கு வாட்டில், அதாவது பயாஸில் விழும். அங்கே துணி தன் எடையிலேயே நீளும். அன்றைக்கு அழுதுவிட்டேன். அதனால் கவுனை ஹேங்கரில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு கேன் கேனையும், அன்று போடப்போகும் செருப்பையும் போட்டு நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறிக்கச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து அளந்தால் சரியாக வராது. வெட்டிய பிறகு மடிப்பு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வட்ட ஓரத்தில் அகல மடிப்பு சுருங்கிக்கொள்ளும். அதைக் கையாலேயே தைத்துவிடுங்கள்.