தைராய்டு நார்மல், கால்சியம் 10.9: பாராதைராய்டு டெஸ்ட்டை எப்படி எடுக்கணும்?

வணக்கம் மக்களே. மஞ்சக்குப்பத்துல ரத்தம் கொடுத்துட்டு, ரிப்போர்ட்டோட ஜிப்மருக்கு பஸ் ஏறுறவங்க நம்ம கடலூர்ல நிறைய பேர். கையில பாத்தா தைராய்டுக்கு எடுக்கிற டி.எஸ்.ஹெச். டெஸ்ட் மட்டும்தான் இருக்கும். அது நார்மல்னா நிம்மதியாயிடுறாங்க. ஆனா கிட்னி கல்லு திரும்பத் திரும்ப வருது, எலும்பு தேயுதுன்னா, தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கிற பாராதைராய்டு சுரப்பியையும் பாக்கணும். துவரம்பருப்பு அளவுல, பெரும்பாலும் நாலு இருக்கும். பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ரெண்டுக்கும் வேலை வேற. ரத்தத்துல கால்சியம் இறங்கினா இது பி.டி.ஹெச்.ங்கிற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்புல இருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீர்ல போறதைத் தடுக்கும்.

இப்ப ஒரு ரிப்போர்ட்டைப் பாருங்க. கால்சியம் 10.9, அதாவது அதிகம். பி.டி.ஹெச். 58. லேப் அளவு 15லிருந்து 65, அதனால பி.டி.ஹெச்.சுக்கு சிவப்புக் குறியே விழலை. ஆனா கால்சியம் இவ்வளவு ஏறினா பி.டி.ஹெச். அடங்கிப் போயிருக்கணும். அடங்காம 58ல நிக்குதுன்னா அதுதான் கோளாறு. அதனாலதான் ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்கச் சொல்றேன். கூடவே அல்புமின், கிட்னிக்கான கிரியாட்டினின், விட்டமின் டி. மறுபக்கம், கால்சியம் கம்மி, பி.டி.ஹெச். அதிகம்னா விட்டமின் டி குறைவு, இல்லேன்னா கிட்னி பிரச்சினையான்னு பாப்பாங்க.

அல்புமின் எதுக்கு? அது ரத்தத்துல இருக்கிற புரதம், கால்சியத்துல ஒரு பங்கு அதோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அது குறைஞ்சா கால்சியமும் குறைவாத் தெரியும், அதனால கணக்குப் போட்டுச் சரி பண்ணணும். கால்சியம் 7.9, அல்புமின் 2.8னு வெச்சுக்குங்க. அல்புமினோட நார்மல்னு வெச்சுக்கிற 4ல இருந்து 2.8 போனா 1.2. அதை 0.8ஆல பெருக்கினா 0.96. அதை 7.9ஓட கூட்டினா 8.86. பயப்பட்ட அளவுக்குக் குறையலை.

ரத்தம் எடுக்கிற இடத்துலதான் தப்பு அதிகம் நடக்குது. கையில ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி ரொம்ப நேரம் விட்டா கால்சியம் கூடுதலாக் காட்டும். ஊதா மூடி டியூப்ல இருக்கிற இ.டி.டி.ஏ.ங்கிற ரசாயனம் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அந்த ரத்தத்தை வேற டியூப்ல ஊத்தினா கால்சியம் பாதாளத்துக்குப் போகும், பொட்டாசியம் எகிறும். ரெண்டும் சேர்ந்து அப்படி வந்தா முதல்ல டியூபைச் சந்தேகப்படுங்க. ஆனா பி.டி.ஹெச்.சுக்கு அதே ஊதா டியூப் நல்லது, வெளியூர் லேபுக்கு அனுப்பினாலும் சீக்கிரம் கெடாது.

முடி வளர பயோட்டின் மாத்திரை போடுறீங்களா அக்கா? டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. பல மெஷின்ல டி.எஸ்.ஹெச்., பி.டி.ஹெச். ரெண்டையும் பொய்யாக் குறைச்சுக் காட்டும். தைராய்டுக்குப் போடுற தைராக்ஸின் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்க. டோஸ் மாத்தினா 6லிருந்து 8 வாரம் கழிச்சுத்தான் டி.எஸ்.ஹெச். பாக்கணும்.

தைராய்டு ஆபரேஷன் ஆனவங்க கவனமாக் கேளுங்க. பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கிற பாராதைராய்டு அதுல அடிபட்டா கால்சியம் இறங்கிடும். முதல் ரெண்டு மூணு நாள்ல உதட்டைச் சுத்தி, விரல் நுனியில மதமதன்னு இருந்தா, கை இழுத்துப் பிடிச்சா, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்கே கால்சியம் பாக்கணும். வீட்டுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தா தைராக்ஸினோட சேர்த்துப் போடாதீங்க, 4 மணி நேரம் இடைவெளி விடுங்க. காலையில 6 மணிக்கு வெறும் வயித்துல தைராக்ஸின்னா, கால்சியம் மதியச் சாப்பாட்டோட.