கோல்டன் மைல் மின்தூக்கியில் இரண்டு கூட்டம்

வணக்கம் நேயர்களே. திரைப்பட விழா எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் இவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் படங்களுக்கென்றே ஆண்டுதோறும் விழாக்கள் நடக்கின்றன. உலகத்தில் பெரிய நகரங்கள் பலவற்றில் உண்டு, நம் சிங்கப்பூரிலும் உண்டு. அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். வானொலியின் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். படங்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. படம் ஓடுகிற அரங்கைப் பற்றித்தான் பேச்சு.

ஏன் அரங்கு? படம் மட்டும் போதும் என்றால் கைப்பேசியே போதுமே. எம்ஆர்டி ரயிலில் ஜூரோங்கிலிருந்து பாசிர் ரிஸ் போவதற்குள் ஒரு படம் முக்கால்வாசி முடிந்துவிடும். ஆனால் இந்த மாதிரிப் படம் என்றால், பக்கத்து இருக்கையில் தெரிந்த முகம் வந்து உட்கார்ந்ததும் பிள்ளை சட்டென்று திரையை அணைத்துவிடும். விழாவில் அப்படி முடியாது. பெயர் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், விளக்குப் போட்டதும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் விழா. மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்கு ஒரு கதை சொல்கிறேன். பீச் ரோட்டில் கோல்டன் மைல் டவர் தெரியும் இல்லையா? 1970களில் கட்டிய பழைய கட்டடம். அதன் ஐந்தாம் மாடியில் 2014இல் ப்ரொஜெக்டர் என்ற தனியார் திரையரங்கைத் திறந்தார்கள். பிங்க் ஸ்க்ரீன் என்ற இந்த வகை விழா அங்கேதான் நடந்து வந்தது. அதே கட்டடத்தில் இன்னோர் அரங்கில் நம் தமிழ்ப் படங்களும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆக, சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மின்தூக்கியில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம் பெரிய நடிகர் படத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள். இன்னொரு பக்கம் தலைமுடிக்குப் பச்சை, ஊதா என்று சாயம் பூசிய இளவட்டங்கள். மின்தூக்கியோ ஆமை வேகம். எல்லாரும் கதவுக்கு மேலே மாறும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு நாள் ஒரு தம்பதி மாடி தவறி விழாவுக்குள் வந்துவிட்டார்கள். அங்கிள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஆன்ட்டி தலை நிறைய மல்லிகை, கையில் முறுக்குப் பொட்டலம். டிக்கெட் கிழிக்கும் இடத்தில் நின்ற தொண்டூழியர் நம் தமிழ்ப் பையன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஆன்ட்டி கேட்டார், "தம்பி, இங்க என்ன படம் ஓடுது?" அவன் எச்சில் விழுங்கிக்கொண்டு, "ரெண்டு பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் விரும்புற கதை, ஆன்ட்டி" என்றான். அங்கிள் சுவரில் இருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். "பாட்டு இருக்கா?" என்றார். "இல்ல ஆன்ட்டி." "அப்ப வேணாம்ப்பா. எங்க படம் எந்த மாடி?" அவனே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். திரும்பி வரும்போது அவன் கையில் இரண்டு முறுக்கு.

பாட்டு இல்லை என்பதுதான் அந்த அம்மாவுக்குக் குறை! அவர் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். பாதியில் எழுந்து போயிருக்கலாம், கண்ணைத் துடைத்திருக்கலாம், குறட்டை விட்டும் இருக்கலாம். உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சரி, இந்த விழாக்கள் எங்கே ஆரம்பித்தன? சான் பிரான்சிஸ்கோவில், 1977இல். இன்று ஃப்ரேம்லைன் என்று பெயர். உலகத்தில் இவ்வகை விழாக்களில் மூத்தது அதுதான். தாங்களே சூப்பர் 8 கேமராவில் எடுத்த சின்னச் சின்னப் படங்களைக் கொண்டுவந்து, சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டிப் போட்டுக் காட்டினார்கள். கம்பம் என்று நாம் சொல்லும் அந்தக் காலக் கிராமத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் பார்த்த தலைமுறைக்கு இது புரியும். பிறகு பல ஆண்டுகள் காஸ்ட்ரோ தியேட்டர் என்ற 1922இல் திறந்த பெரிய அரங்கில் அந்த விழா நடந்தது. ஆசியாவில் ஹாங்காங் முந்திக்கொண்டது, 1989. அங்கே ஆண்களுக்கு இடையிலான உறவு குற்றமில்லை என்று சட்டம் மாறியது 1991இல்தான். கவனியுங்கள், விழா முதலில், சட்டம் பிறகு. மும்பையில் கஷிஷ் விழா 2010இல் தொடங்கியது. நடுவில் 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த உறவைக் குற்றமாக்கும் பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 2018இல் விலக்கியது. விழா நிற்கவில்லை.

நம் ஊரில் 377ஏ, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கி 1938இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சட்டம். 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ஆனால் இந்த மாதிரிப் படங்களுக்கு உயர்ந்த வயது வரம்பு தொடரும் என்று அரசாங்கம் அப்போதே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஒரு விண்வெளி வீரர் கார்ட்டூன் படம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பெண்கள் ஒரு கணம் முத்தமிட்டுக்கொண்டதால் என்சி16, அதாவது பதினாறு வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. பொம்மை வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் வெளியே!

விழாப் படங்கள் பல ஆர்21, இருபத்தொரு வயது ஆனவர்களுக்கு மட்டும். வாசலில் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்பார்கள். அதோடு, ஆர்21 படங்களை வீவக அடுக்குமாடி வீடுகள் இருக்கும் பேட்டைகளின் அரங்குகளில் போடுவதில்லை, நகர மையத்தில் மட்டும் என்று நீண்ட காலம் ஓர் ஏற்பாடு இருந்தது. பதினெட்டு வயதில் தேசிய சேவைக்குப் போய்த் துப்பாக்கி பிடிக்கிற பையன் இந்தப் படத்துக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். வயது வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில படங்கள் உண்மையிலேயே பெரியவர்களுக்கானவைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை எங்கே போனாலும் சொல்வேன்: ஆர்21 பிள்ளைகளைத்தான் நிறுத்துகிறது. அப்பா அம்மாவை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும், அதைப் பெற்றவர்களுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. நாம்தான் போவதில்லை. போவதற்கு அரங்கு பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் பேராவது எட்டிப் பார்ப்பார்கள். ஈசூனிலோ தெம்பனிசிலோ காய்கறி வாங்கப் போகும்போது போஸ்டர் கண்ணில் பட வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்ப அரங்கு, அரங்கு என்கிறேன்.

அந்த அரங்குகளும் இப்போது குறைகின்றன. ப்ரொஜெக்டர் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் கேத்தே அரங்குகளும் கதவடைத்தன. வாடகை ஒரு பக்கம், கைப்பேசி ஒரு பக்கம். இந்த விழாக்களுக்குத்தான் அடி அதிகம், ஏனென்றால் பெரிய நிறுவனங்களின் அரங்குகள் எல்லா நேரமும் இடம் கொடுப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். சென்னையில் நடக்கும் ரீல் டிசையர்ஸ் விழாவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முறுக்கிலேயே நேரம் போய்விட்டது. ஊருக்குப் போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போங்கள். எந்த ஊர் விழாவுக்குப் போனாலும் முதல் முறை என்றால் குறும்படத் தொகுப்புக்கு டிக்கெட் எடுங்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். படம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், இயக்குநர் வந்து பேசினால் கேளுங்கள். இங்கே என்றால் ஐசியை மறக்க வேண்டாம், நரைத்த தலைக்கும் சில சமயம் கேட்கிறார்கள். வணக்கம்.