எங்கள் ஆட்கள் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சர்வாதிகார அரசு வெளிநாட்டில் குண்டு வைத்தது என்று சொல்வது சுலபம். அதை நிரூபிப்பது பெரும்பாடு. குண்டு வைத்தவனைப் பிடித்துவிடலாம், அவன் வாக்குமூலமும் கொடுத்துவிடலாம். ஆனால் அனுப்பிய அரசு ‘அது யாரோ, எங்கள் ஆள் இல்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வடகொரியா இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தது. அந்த மறுப்பு யார் யாரை என்னவெல்லாம் செய்தது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

1987 நவம்பர் இறுதி. பாக்தாத்திலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாக சியோல் செல்லும் கொரியன் ஏர் 858 விமானம். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மத்தியக் கிழக்கில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய தென்கொரியத் தொழிலாளர்கள். பாக்தாத்தில் ஏறியவர்களில் ஜப்பானிய பாஸ்போர்ட்டோடு ஒரு முதியவரும் ஓர் இளம்பெண்ணும் இருந்தார்கள். அப்பா, மகள் என்று சொல்லிக்கொண்டார்கள். கையில் ஒரு சிறிய பானாசோனிக் டிரான்சிஸ்டர் ரேடியோ, மதுப்புட்டி ஒன்று. ரேடியோவுக்குள் வெடிமருந்து, புட்டிக்குள் திரவ வெடிமருந்து.

பாக்தாத் சோதனையில் ரேடியோவின் பேட்டரிகளை அதிகாரிகள் எடுத்துவிட்டார்களாம். முதியவர் சண்டை பிடித்தார். பேட்டரியைத் திரும்பப் போட்டு, ரேடியோவைப் பாட வைத்து, ‘பாருங்கள், வெறும் ரேடியோதான்’ என்று காட்டினார். அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். பிற்பாடு அந்தப் பெண்ணே சொன்ன விவரம் இது. இருவரும் அபுதாபியில் இறங்கிக்கொண்டார்கள். இருக்கைக்கு மேலே இருந்த பெட்டியில் ரேடியோவும் புட்டியும் அப்படியே இருந்தன. நவம்பர் 29 அன்று அந்தமான் கடலுக்கு மேலே விமானம் வெடித்தது. 115 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பஹ்ரைன் விமான நிலையத்தில் இருவரும் சிக்கினார்கள். பாஸ்போர்ட் போலி என்று தெரிந்துவிட்டது. இருவரும் சிகரெட்டுக்குள் சயனைடு வைத்திருந்தார்கள். முதியவர் கடித்தார், செத்துப்போனார். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து காவல் அதிகாரி ஒருவர் சிகரெட்டைப் பறித்ததால் அவர் உயிர் பிழைத்தார். பெயர் கிம் ஹியோன்-ஹுய், வயது இருபத்தைந்து.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சிகரெட்டைப் பறிக்கச் சில நொடி தாமதமாகியிருந்தால் இரண்டு ஜப்பானியப் பிணங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வடகொரியா என்ற பெயரே வந்திருக்காது. ஆளைக் கொடுக்கும்போதே அந்த ஆளை மறுப்பதற்கான ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சியோலுக்குக் கொண்டுபோன பிறகும் அவர் தன்னைச் சீனப் பெண் என்றே சாதித்தார். எட்டு நாள் கழித்துத்தான் மனம் மாறினார். தன்னை விசாரித்த பெண் அதிகாரியைக் கொரிய மொழியில் அக்கா என்று அழைத்து மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த ஆண்டு சியோலில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கைக் குலைப்பதுதான் நோக்கம் என்றார். உத்தரவு, அப்போது பட்டத்து வாரிசாக இருந்த கிம் ஜொங்-இல் கைப்பட எழுதியது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் சொன்னார். வடகொரியத் தலைநகர் பியோங்யாங் என்ன சொன்னது? தென்கொரியாவே நடத்திய நாடகம் என்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய தென்கொரியாவும் ஜனநாயக நாடு இல்லை. 1980இல் குவாங்ஜு நகரில் சொந்த மக்களைச் சுட்ட சுன் டூ-ஹுவான்தான் அதிபர். கிம் ஹியோன்-ஹுய்யை விமானத்திலிருந்து இறக்கியது டிசம்பர் 15ஆம் தேதி. அதிபர் தேர்தல் 16ஆம் தேதி. சுன்னின் ஆள் ரோ டே-வூ ஜெயித்தார். அப்புறம் குடும்பங்கள் சந்தேகப்படாமல் எப்படி இருக்கும்? பல ஆண்டு அந்தச் சந்தேகம் கனன்றுகொண்டே இருந்தது. 2000களில் நடந்த மறு விசாரணையில், குண்டு வைத்தது வடகொரியாதான், சம்பவம் ஜோடிக்கப்பட்டதல்ல என்று முடிவு வந்தது. அதோடு, சுன் அரசு இதைத் தேர்தலுக்குப் பயன்படுத்தத் திட்டம் போட்டதும் வெளியே வந்தது. இரண்டுமே உண்மை. கொலை செய்த அரசு ஒன்று, அந்தச் சாவை வாக்காக மாற்றிக்கொண்ட அரசு இன்னொன்று. நடுவில் அகப்பட்டவை அந்தக் குடும்பங்கள்.

இதற்கு நான்கு ஆண்டு முன்பே பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ரங்கூன் நகரில் ஒத்திகை மாதிரி ஒன்று நடந்திருந்தது. 1983 அக்டோபர் 9. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்தில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் உள்ளிட்ட தியாகிகளின் நினைவிடம். மலர்வளையம் வைக்க சுன் டூ-ஹுவான் வரவேண்டும், அவர் வந்துகொண்டே இருக்கிறார். அதற்குள் இசைக்குழுவின் ஊதுகொம்பு ஒலித்தது. அதிபர் வந்துவிட்டார் என்று நினைத்து, கூரையில் ஒளித்து வைத்திருந்த குண்டை வெடிக்கச் செய்துவிட்டார்கள். 21 பேர் இறந்தார்கள். தென்கொரிய வெளியுறவு அமைச்சர் உட்பட நான்கு அமைச்சர்கள் அதில் போனார்கள். நான்கு பேர் பர்மியர்கள். அவர்களுக்கும் கொரியச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

வந்த வடகொரிய அதிகாரிகள் மூவர். ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் காங் மின்-சொல். பிடிபடும்போது கையெறி குண்டு வெடித்துக் கையை இழந்தார். உண்மையைச் சொன்னார், அதனால் தூக்கு தப்பி ஆயுள் தண்டனை கிடைத்தது. பர்மா வடகொரியாவோடு உறவையே முறித்துக்கொண்டது. வடகொரியாவோ, அப்படி ஒரு ஆளே எங்களுக்கு இல்லை என்றது. அவர் இன்செயின் சிறையில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு கிடந்தார். 2007இல் பர்மாவும் வடகொரியாவும் திரும்பக் கைகுலுக்கிக்கொண்டன. அப்போதும் அவரை யாரும் கேட்கவில்லை. 2008இல் சிறைவாசியாகவே கல்லீரல் புற்றுநோயில் இறந்தார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். 21 பேரைக் கொன்ற கூட்டத்தில் ஒருவர் அவர். அவருக்குத் தண்டனை கொடுத்தது நியாயம்தான். ஆனால் எய்தவர் தன் மாளிகையில் எண்பது வயது தாண்டி வாழ்ந்து, 1994இல் அரசு மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். வடகொரியாவை அப்போது ஆண்ட கிம் இல்-சுங்கை ஒரு நாள்கூட ஒரு நீதிபதியின் முன்னால் யாராலும் நிறுத்த முடியவில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

கிம் ஹியோன்-ஹுய்க்கு 1989இல் மரண தண்டனை விதித்தார்கள், 1990இல் மன்னித்துவிட்டார்கள். அந்த மன்னிப்பு சரியா என்று கேட்டால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் எதிரே நின்று ‘சரி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தூக்கில் போட்டிருந்தால் இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும். அந்தச் சாட்சிதான் இன்னொரு குற்றத்தின் கதவைத் திறந்தது.

தனக்கு ஜப்பானியப் பேச்சும் பழக்கவழக்கமும் கற்றுக்கொடுத்தது ஒரு ஜப்பானியப் பெண், அவரை ‘ரி உன்-ஹே’ என்று அழைப்பார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். யார் அந்தப் பெண் என்று ஜப்பானிய போலீஸ் தேடியது. 1978இல் டோக்கியோவிலிருந்து காணாமல் போன யாயேகோ தாகுச்சி என்ற இளம் தாய்தான் அவர் என்று 1991இல் அறிவித்தது. மூன்று வயதில் ஒரு பெண்ணும் ஒரு வயதில் ஒரு பையனும் இருந்தார்கள் அவருக்கு. அதாவது, உளவாளிக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு தாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பேட்மின்டன் பயிற்சி முடிந்து வீட்டுக்கு நடந்துவந்த பதின்மூன்று வயது மெகுமி யோகோத்தாவையும், நீகாத்தா நகரில், 1977இல் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

2002 செப்டம்பரில் பியோங்யாங் வந்த ஜப்பானியப் பிரதமர் கொய்சுமியிடம், 13 ஜப்பானியரைக் கடத்தியது உண்மைதான் என்று கிம் ஜொங்-இல் ஒப்புக்கொண்டார். அதுவும் எப்படி? யாரோ சில அதிகாரிகள் அத்துமீறிவிட்டார்கள் என்று. ஐந்து பேர் ஊர் திரும்பினார்கள். தாகுச்சி 1986இலேயே இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். அவர் ‘ரி உன்-ஹே’ இல்லை என்றும் சாதித்தார்கள். ஏன் அவ்வளவு பிடிவாதம்? தாகுச்சி பாடம் நடத்தியதை ஒப்புக்கொண்டால் மாணவியை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவியை ஒப்புக்கொண்டால் விமானத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றக் கடத்தல்களை ஒப்புக்கொண்டவர்கள் இந்த ஒன்றில் மட்டும் நழுவுவதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

2009 மார்ச்சில் பூசான் நகரில் தாகுச்சியின் மகனை கிம் ஹியோன்-ஹுய் சந்தித்தார். தாயின் முகமே நினைவில்லாத, முப்பது வயது தாண்டிய மனிதர் அவர். 115 பேரின் சாவுக்குக் காரணமான அந்தப் பெண்ணிடம்தான் தன் அம்மா எப்படிப் பேசுவார், எப்படி இருப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்கா 1988 ஜனவரியில் வடகொரியாவைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 2008இல் அணுசக்திப் பேச்சுவார்த்தைக்காக நீக்கியது. 2017 நவம்பரில் மறுபடி சேர்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கிம் ஜொங்-உன்னின் அண்ணன் கிம் ஜொங்-நாம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் விஎக்ஸ் நச்சால் கொல்லப்பட்டார். முகத்தில் பூசிய இரண்டு பெண்களும் டிவி வேடிக்கை நிகழ்ச்சி என்று நம்பிச் செய்ததாகச் சொன்னார்கள். அவர்கள் கூண்டில் நின்றார்கள். சந்தேகிக்கப்பட்ட வடகொரியர்கள் நால்வர் அன்றைக்கே விமானம் ஏறிவிட்டார்கள். பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் பேரம். 2008இல் நீக்கியபோது இந்தக் குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட ஒரு பதிலும் கிடைத்திருக்கவில்லை.

2020 ஜனவரியில் தென்கொரியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று, அந்தமான் கடலில் மியான்மர் கரைக்கு அப்பால், 858இன் உடற்பகுதி போலத் தோன்றும் ஒன்றைப் படம்பிடித்து ஒளிபரப்பியது. குடும்பங்கள் அரசிடம் போய் நின்றார்கள். அதை மேலே எடுங்கள், உள்ளே எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா பாருங்கள் என்று கேட்டார்கள். முதலில் கொரோனா வந்தது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேடும் வேலை நின்றுபோனது. அன்று கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இன்று முதியவர்கள். கடலில் கிடப்பது அந்த விமானம்தானா என்று பார்த்துச் சொல்ல பியோங்யாங்கின் ஒப்புதல் வேண்டியதில்லை. சியோலும் மியான்மரும் மனம் வைத்தால் போதும். அதை அவர்கள் செய்ய வேண்டும், அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

வணக்கம்.