கச்சேரி இல்லாத படை

சபையோருக்கு வணக்கம். நான் படைத்துறை ஆள் இல்லை. அரசறிவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த ஊரில் என் வயதுக்காரர் எல்லோரும் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள்தான், விரும்பியோ விரும்பாமலோ.

கிளர்ச்சியை அடக்கப் போகிற நாடு, தளபதியாக யாரை அனுப்புகிறது, தூதுவராக யாரை அனுப்புகிறது, அவர்கள் இருவரில் யார் சொல்வதை யார் கேட்பது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். துப்பாக்கி எத்தனை என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆப்கானிஸ்தானில் 2009-இல் அமெரிக்கத் தளபதி மெக்கிறிஸ்ரல் இன்னும் 40,000 பேர் வேண்டுமென்று கேட்டார். காபூலில் இருந்த தூதுவர் ஐக்கன்பெரி, அப்படி அனுப்புவது சரிவராது, ஜனாதிபதி கர்சாய் நம்பக்கூடிய கூட்டாளி இல்லை என்று வாஷிங்டனுக்கு இரகசியமாக எழுதினார். வேடிக்கை என்னவென்றால் ஐக்கன்பெரியும் முன்னாள் ஜெனரல்தான். அதே நாட்டில் படைக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய கடிதங்கள் பத்திரிகைக்குக் கசிந்தன. அதன் பிறகு இருவருக்கும் இடையில் என்ன உறவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட சண்டை வரும்போதெல்லாம் புத்தகக்காரர்கள் மலாயாவைக் காட்டுவார்கள். மலாயா என்றால் நமக்கு அந்நியம் இல்லை. மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பிய மலாயன் பென்சனியர் இல்லாத ஒழுங்கை ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்ததா? என் அப்பப்பாவும் பேராக் மாநிலத்தில் கிளாக்கராக இருந்தவர்.

பிரித்தானியர் ஆண்ட அந்த மலாயாவில் 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி தொடங்கியது. 1950-இல் ஹரோல்ட் பிரிக்ஸ் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலை, கிளர்ச்சியை அடக்கும் வேலைகளை ஒருங்கிணைக்கிற நடவடிக்கைப் பணிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். நல்ல மூளைசாலி. மாவட்டந்தோறும் ஒரு குழு அமைத்து, நிர்வாக அதிகாரி, பொலிஸ் அதிகாரி, படை அதிகாரி மூவரையும் ஒரே மேசையில் இருத்தினார். ஆனால் பொலிசுக்கோ படைக்கோ நேரே கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். களைத்துப்போய் 1951 முடிவில் வீட்டுக்குப் போனார். அதே வருடம் ஒக்டோபரில், அங்கே பிரித்தானிய ஆட்சியின் தலைவராக இருந்த உயர் ஆணையாளர் ஹென்றி கர்னி வீதியில் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்திருந்தார். லண்டன் அப்போதுதான் விழித்தது. 1952-இல் ஜெரால்ட் ரெம்ப்ளரை அனுப்பி, உயர் ஆணையாளர் பதவியையும் நடவடிக்கைப் பணிப்பாளர் பதவியையும் ஒருவர் கையிலேயே கொடுத்தது.

மக்களின் மனத்தை வெல்லவேண்டும் என்று பேசியவர் என்று ரெம்ப்ளரைப் புகழ்வார்கள். தஞ்சோங் மாலிம் நகரத்துக்கு ஒரு நாளில் 22 மணிநேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தவர் அவரேதான். ஏறத்தாழ 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். அப்பப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்த மேசையில் சீனர்கள் எங்கே இருந்தார்கள் என்று. “மேசையிலோ? அவங்கள் வேலிக்குள்ளே” என்றார்.

சரி, மலாயாவில் பலித்தது மற்ற இடங்களில் ஏன் பலிக்கவில்லை? வியட்நாமில் அமெரிக்கர்களும் முயன்றார்கள். 1967-இல் ரொபர்ட் கோமர் என்ற சிவில் அதிகாரியைத் தளபதி வெஸ்ற்மோர்லண்டுக்கு அடுத்த நிலையில் வைத்து, கிராமப்புற வேலைகளை எல்லாம் அவர் கையில் கொடுத்தார்கள். ஓரளவு பலன் இருந்தது. ஆனால் மாவட்டத்தை ஆண்டவர்கள் சைகோன் அரசின் ஆட்கள். அவர்களை மாற்ற அமெரிக்கனால் முடியாது, கெஞ்சலாம். மலாயாவில் பிரித்தானியனே அரசாங்கம். கச்சேரி, அதுதான் மாவட்ட அரச அலுவலகம், அவனுடையது. அங்கே தூதுவர் என்று ஒருவர் தேவைப்படவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ரெம்ப்ளரின் சூத்திரத்தை எங்கும் காவித் திரிவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம். மறுநாள் பலாலியில் இந்தியப் படை இறங்கியது. களத்தில் 54-ஆவது டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவருக்கு மேலே தென்பிராந்தியத் தளபதி தீபிந்தர் சிங். கொழும்பில் தூதுவர் தீக்‌ஷித். அவரைக் கொழும்புப் பத்திரிகைகள் வைஸ்ராய் என்று கிண்டல் செய்தன. செல்வாக்கு இருந்தது உண்மைதான், ஆனால் வைஸ்ராய்க்குக் கீழே ஒரு நிர்வாகம் இருக்கும். இவருக்கு எது இருந்தது? அவர் ஜெயவர்த்தன அரசுக்கு அனுப்பப்பட்ட தூதுவர். பிரச்சினையோ யாழ்ப்பாணத்தில். கொழும்பைச் சமாதானப்படுத்தவேண்டும், புலிகளோடும் பேசவேண்டும், டெல்லிக்கும் பதில் சொல்லவேண்டும். மூன்று பக்கமும் இழுக்கிற கயிறு.

அந்த ஒக்டோபரை நினைத்துப் பாருங்கள். புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துப் பலாலியில் வைத்திருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று இலங்கை அரசு நின்றது. இந்தியத் தரப்பு தடுக்கப் பார்த்தும் முடியவில்லை. 5-ஆம் திகதி சயனைட் கடித்து 12 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் போர். 11-ஆம் திகதி இரவு, இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை.

சந்திக்க வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தூதுவர் தனக்குச் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் பிற்காலத்தில் எழுதினார். அது அவருடைய கூற்று. நான் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தூதுவர் நேரே தன்னிடம் இப்படிச் சொன்னார் என்று ஒரு டிவிஷன் தளபதி எழுதுகிறார் என்றாலே, யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பது எவ்வளவு குழம்பிக் கிடந்தது என்று தெரிகிறது. பிறகு தளபதிகளை மாற்றினார்கள். படையையும் நான்கு டிவிஷனாகக் கூட்டினார்கள்.

நிர்வாகமும் வேண்டும் என்று யோசித்தார்கள்தான். 1988 நவம்பரில் மாகாணசபைத் தேர்தல் வைத்தார்கள். வடக்கில் போட்டியே இல்லை. வாக்குப் போடாமலே உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஜனாதிபதி பிரேமதாச படையை வெளியே போகச் சொன்னார். எந்த அரசுக்கு உதவ வந்தார்களோ அதே அரசு! உதவிக்கு வந்த படைக்கு இதைவிடப் பெரிய தோல்வியைக் கிளர்ச்சிக்காரனாலும் கொடுக்க முடியாது.

1990 மார்ச் 24-இல் கடைசிப் படையினர் திருகோணமலையில் கப்பல் ஏறினார்கள். முதலமைச்சரும் அந்த மாதமே நாட்டை விட்டுப் போனார். கச்சேரியில் இருந்தவர்கள் போகவில்லை. என் அம்மா அப்போது ஆசிரியை. ஏப்ரல் மாதச் சம்பளம், கொஞ்சம் பிந்தி, கொழும்பிலிருந்துதான் வந்தது.